எட்டுத் தந்தி பேஸுக்கு ஒரு பேஸ் செட்டும் ஒரு கிட்டார் செட்டும் போதுமா?

வாசகர் கேள்வி, 14 ஜனவரி 2024

பழைய எட்டுத் தந்தி பேஸ் கிட்டார் ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. ஸ்கேல், அதாவது தந்தியின் ஒலிக்கும் நீளம், 34 அங்குலம். தந்திகள் அத்தனையும் துருப்பிடித்துக் கறுத்துவிட்டன. உறை எதுவும் உடன் வராததால் என்ன தடிமன் பூட்டியிருந்தார்கள் என்றும் தெரியவில்லை. எட்டுத் தந்திக்கென்றே வரும் செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. நான்கு தந்தி பேஸ் செட் ஒன்றும் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் செட் ஒன்றும் வாங்கி, கிட்டார் செட்டின் தடித்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். இதில் தவறு உண்டா?

14 ஜனவரி 2024, மாலை

உண்டு. எட்டுத் தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி எஃப் ஷார்ப். அதன் அதிர்வெண் ஏறத்தாழ 23 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸில் பி-க்குப் பூட்டும் 130 தந்தியை அப்படியே எஃப் ஷார்ப்புக்கு இறக்கினால் இழுவிசை பழையதில் 56 சதவீதமாகக் குறைந்து, தந்தி துணி உலர்த்தும் கொடியைப் போலத் தொங்கும். 160-ஐத் தாண்டிய தடிமன் வேண்டும்; அது நுழைவதற்குப் பிரிட்ஜின் துளையும், படிவதற்கு நட்டின் பள்ளமும், சுற்றுவதற்கு ட்யூனரின் தண்டும் இடம் கொடுக்க வேண்டும். இதில் கிட்டார் செட்டுக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

(தடிமன் எண்கள் எல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு. 130 என்றால் 0.130 அங்குலம். பிரிட்ஜ் தந்தியின் அடிமுனையைப் பிடிக்கும் பகுதி; நட் கழுத்தின் மேல்முனையில் உள்ள பள்ளமிட்ட பட்டை; ட்யூனர் சுருதிக்குத் திருகும் முறுக்காணி.)

15 ஜனவரி 2024

மேலே எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கேள்வியின் கடைசி வரிகளைச் சரியாகப் படிக்காமலேயே பதில் எழுதியிருக்கிறேன். நேற்று இரவு அவர் இணைத்த படத்தில் தந்திகள் இரண்டிரண்டாக நெருங்கி நிற்கின்றன. ஆகவே இது எஃப் ஷார்ப்பிலிருந்து மேலேறும் எட்டுத் தனித் தந்திகளைக் கொண்ட கருவி இல்லை. இ, ஏ, டி, ஜி என்ற வழக்கமான நான்கு தந்திகளும், ஒவ்வொன்றுக்கும் அருகில் ஒரு ஸ்தாயி மேலே சேர்ந்து ஒலிக்கும் மெல்லிய துணைத் தந்தியும் கொண்ட ஜோடித் தந்திப் பேஸ். பன்னிரண்டு தந்தி கிட்டாரின் தாழ்ந்த நான்கு ஜோடிகளை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியதைப் போன்றது.

இரண்டு கருவிகளுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் நானும் ஒருமுறை பணத்தை இழந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையக் கடையில் "எட்டுத் தந்தி பேஸ் செட்" என்று கேட்டு வாங்கினேன். வந்த உறையைப் பிரித்தபோது கிணற்றுக் கயிறு போல ஒரு தந்தி முதலில் வெளியே வந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள், ஏனெனில் நான் கேட்டதையே அவர்கள் அனுப்பியிருந்தார்கள். அந்தத் தந்தி இன்றும் என் அலமாரியில் சுருண்டு கிடக்கிறது.

ஜோடித் தந்திப் பேஸ் புதிய சரக்கும் இல்லை. சுவீடனின் ஹாக்ஸ்ட்ரோம் நிறுவனம் 1967-லேயே எச்8 என்ற மாதிரியை வெளியிட்டது. தனி எட்டுத் தந்திக் கருவிகள் அதற்கு வெகுகாலம் கழித்தே வந்தன என்பதால், பெயருக்கு மூத்த உரிமை ஜோடிக்காரர்களுக்கே.

16 ஜனவரி 2024

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேள்வி கேட்டவர் தடிமன் விஷயத்தில் என்னைவிடச் சரியாகச் சிந்தித்திருக்கிறார்.

துணைத் தந்திகள் ஒலிக்க வேண்டிய சுருதி கிட்டாரின் தாழ்ந்த நான்கு தந்திகளின் சுருதியேதான்: 82, 110, 147, 196 ஹெர்ட்ஸ். மாறுவது நீளம் மட்டும். ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1636-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் வெளியிட்ட விதியிலிருந்து இது நேராக வருகிறது. பரவலாகப் புழங்கும் கிட்டார் ஸ்கேல் 25.5 அங்குலம், பேஸின் 34 அதைப்போல் மிகச் சரியாக மூன்றில் நான்கு பங்கு. ஆகவே இழுவிசை ஒன்பதில் பதினாறு பங்காக, அதாவது ஏறத்தாழ 1.78 மடங்காக உயரும். பத்திலிருந்து நாற்பத்தாறு வரை போகும் கிட்டார் செட்டில் 46, 36, 26, 17 ஆகிய நான்கும் கிட்டாரில் முறையே 17.5, 19.5, 18.4, 16.6 பவுண்டு இழுக்கின்றன. 34 அங்குலப் பேஸில் அவையே 31.1, 34.7, 32.7, 29.5 பவுண்டு ஆகும்.

பேஸின் முதன்மைத் தந்திகள் செட்டைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 முதல் 50 பவுண்டு வரை இழுப்பவை. 45 தடிமனுள்ள ஜி-தந்தி 43 பவுண்டு, 40 தடிமனுள்ளது 34 பவுண்டு. ஜோடியில் ஒன்று இறுகியும் மற்றொன்று தளர்ந்தும் இருந்தால் விரலுக்கு அடியில் இரண்டும் இரு வேறு கருவிகளைப் போல நடந்துகொள்ளும். 34-க்கு அருகில் 29.5 என்பது நல்ல சேர்க்கை. யாரோ திட்டமிட்டு வைத்ததுபோல் ஒரு பொருத்தம்.

மொத்தச் சுமையையும் பார்த்துவிட வேண்டும். நடுத்தரப் பேஸ் செட் தனியாக 175 பவுண்டு அளவில் இழுக்கும். அதனுடன் துணைத் தந்திகளின் 128-ஐக் கூட்டினால் 303 கிலோ. கழுத்து தாங்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

16 ஜனவரி 2024, இரவு

303 பவுண்டு. கிலோவில் 137. ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்து, 303 கிலோ என்றால் அது கழுத்து இல்லை, ஜனகர் சபையில் கிடந்த வில். நாணேற்ற இராமன்தான் வரவேண்டும் என்றார்.

ஆனாலும் நான்கு தந்திப் பேஸைவிட நான்கில் மூன்று பங்கு அதிகச் சுமை என்பது சிறிய விஷயம் இல்லை. பழைய கருவியில் இதை ஒரே மாலையில் ஏற்றக்கூடாது. நான்கு முதன்மைத் தந்திகளை மட்டும் பூட்டி, ஒரு நாள் விட்டு, கழுத்தின் வளைவைப் பார்த்து, கழுத்துக்குள் ஓடி வளைவைத் திருத்தும் எஃகுத் தண்டான ட்ரஸ் ராடைச் சற்றுத் திருப்பி, அதன் பிறகே துணைத் தந்திகளைப் பூட்டவேண்டும். இந்த வகைக் கருவிகள் சிலவற்றில் இரண்டு ட்ரஸ் ராடுகள் இருக்கும். இருந்தால் இரண்டையும் சம அளவில் திருப்பவேண்டும், ஒன்றை மட்டும் திருப்பினால் கழுத்து முறுக்கிக்கொள்ளும்.

20 ஜனவரி 2024

தடிமன் சரி என்று எழுதிவிட்டேன், நீளத்தை மறந்துவிட்டேன். என்னுடைய எட்டுத் தந்திப் பேஸை மேசையில் கிடத்தி, துணி அளக்கும் நாடாவால் அளந்தேன்.

தந்தியின் குண்டு முனை உட்காரும் இடத்திலிருந்து சேடில் (பிரிட்ஜில் தந்தி சாய்ந்து நிற்கும் கட்டை) வரை 2 அங்குலம். சேடிலிலிருந்து நட் வரை 34. நட்டிலிருந்து மிக அருகில் உள்ள ட்யூனர் தண்டுக்கு 2 அங்குலம், மிகத் தொலைவில் உள்ளதற்கு 9. தண்டில் இரண்டு சுற்றாவது சுற்ற மேலும் 2 அங்குலம் வேண்டும். ஆக, அருகில் உள்ள தந்திக்கு 40 அங்குலமும் தொலைவில் உள்ளதற்கு 47 அங்குலமும் தேவை. கையில் இருந்த 46 கிட்டார் தந்தியை விரித்துப் பார்த்தேன். சுற்றுக் கம்பி 37 அங்குலத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உள்கம்பி மட்டும் சில அங்குலம் மொட்டையாக நீள்கிறது. 17 தந்தியோ மொத்தமே 42 அங்குலம்.

என் கருவியில் இ-யின் துணைத் தந்தி அருகில் உள்ள ட்யூனருக்குப் போகிறது. ஆகவே 46 ஒருவாறு எட்டிவிடுகிறது. சுற்று நட்டைத் தாண்டி ஓர் அங்குலம் வரை வந்துவிடுவதால் ஒலிக்கும் பகுதி முழுவதும் சரியாகவே இருக்கும், தண்டில் மட்டும் மொட்டைக் கம்பி சுற்றும். ஜி-யின் துணைத் தந்திதான் மிகத் தொலைவிலுள்ள ட்யூனருக்குப் போவது, அதற்கு 17 எட்டவே இல்லை. ஒரு சாண் குறையவில்லை, நான்கு விரற்கடை குறைகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை அன்றுதான் அங்குலக் கணக்கில் பார்த்தேன்.

கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு தந்தியின் வழியையும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உறையின் மேல் தடிமனைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். நீளத்தைப் பெரும்பாலும் போடுவதில்லை. பாரிட்டோன் கிட்டாருக்கான தந்திகள் நீளமான கழுத்துக்காகச் செய்யப்படுவதால் சுற்றிய மூன்றுக்கும் அங்கே தேடுவது பயன் தரும்.

30 அங்குலம் போன்ற குறுகிய ஸ்கேல் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. நான்கு அங்குலம் மிச்சப்படுகிறது.

21 ஜனவரி 2024

இன்னொன்று. கிட்டார் தந்தியின் குண்டு முனை பேஸ் தந்தியினுடையதைவிடச் சிறியது; பேஸ் பிரிட்ஜின் பிளவில் அது நிற்காமல் வழுக்கி வெளியே வந்துவிடும். பழைய பேஸ் தந்தியை வெட்டி அதன் குண்டை எடுத்து, அதன் துளை வழியாகக் கிட்டார் தந்தியைக் கோத்தால் சிறிய குண்டு பெரிய குண்டின் மேல் வந்து தடுத்து நிற்கும். தேய்ந்த தந்திகளை எறியும் முன் குண்டுகளை எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது. வீட்டில் அவற்றைப் பாசிமணி என்று நினைத்துக் கோத்துவிட்டார்கள்.

28 ஜனவரி 2024

ஒரு வாசகர் வேறு யோசனை சொல்லியிருக்கிறார். 1.78 மடங்கு என்ற சுமையே வேண்டாம். கிட்டார் செட்டில் ஒரு தந்தி தள்ளி எடுத்து, இ-க்கு 36, ஏ-க்கு 26, டி-க்கு 17, ஜி-க்கு 13 என்று பூட்டினால் இழுவிசை கிட்டாரில் இருப்பதைப் போலவே 16 முதல் 20 பவுண்டுக்குள் அடங்கிவிடும், கழுத்தும் பிழைக்கும் என்கிறார். கணக்கு சரியாகவே இருக்கிறது. 34-இல் ஒரு தந்தி நடந்துகொள்ளும் விதம், கிட்டாரில் அதைவிட நான்காவது சுரத்துக்கு ஏற்றிய தந்தியின் விதத்தைப் போன்றது. டி-யின் துணைத் தந்தி, கிட்டாரின் ஜி-தந்திக்குச் சமம்.

மறுக்காமல் பூட்டிப் பார்த்தேன். திறந்த தந்தியாக மீட்டும்போது அழகாகவே இருந்தது. ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியில்) அழுத்தியதும் கெட்டது. ஜோடியில் தடித்த தந்தியின் மேற்பரப்பு உயரமாகவும் மெல்லியதன் மேற்பரப்பு தாழ்வாகவும் இருக்கின்றன. விரல் முதலில் தடித்ததைத் தொட்டு, அதை அழுத்தி, தசை பிதுங்கிய பிறகே மெல்லியதை அடைகிறது. தடித்ததை அடக்கப் போதுமான வலு கொடுக்கும்போது அந்த வலுவில் ஒரு பங்கு மெல்லியதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. 13 தந்தி அந்தத் தள்ளலுக்கு ஈடுகொடுக்காமல் நகர்ந்து சுருதி கூடிவிடுகிறது. ஐந்தாவது ஃப்ரெட்டில், சுருதி காட்டும் கருவியின் முள் வலப்பக்கம் சாய்ந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன். விரலைத் தளர்த்தினால் முள் நடுவுக்கு வந்தது, ஆனால் தடித்த தந்தி கரகரத்தது.

இது மென்மையான கைக்காரருக்கு ஒருவேளை பொருந்தலாம். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஒன்றரை மணி நேரம் வாசித்து, கடைசிப் பாடலுக்கு வரும்போது எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் என் கைக்குப் பொருந்தவில்லை.

28 ஜனவரி 2024, பின்னிரவு

மேலே எழுதியதில் தடிமனின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது. என் கருவியில் சேடில்கள் நான்குதான், ஜோடிக்கு ஒன்று. தடித்த தந்திக்குச் சேடில் பின்னால் போகவேண்டும், மெல்லியதற்கு முன்னால் வரவேண்டும். ஒரே சேடிலில் இரண்டும் உட்காரும்போது யாரோ ஒருவருக்கு அநியாயம் நடந்தே தீரும். நான் முதன்மைத் தந்தியைச் சரியாக வைத்துவிட்டுத் துணையை விட்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவில், மெல்லியதன் பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தபோது நிலைமை பாதியாவது மேம்பட்டது. சுருதி பிசகுவது காதுக்கு மேல் ஸ்தாயியில்தான் முதலில் உறைக்கிறது என்பதால் அந்தப் பக்கம் சாய்வதில் தவறில்லை.

எட்டுச் சேடில் உள்ள கருவி வைத்திருப்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம், கொஞ்சம் பெருமையோடு.

3 பிப்ரவரி 2024

பன்னிரண்டு தந்திப் பேஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு முதன்மைத் தந்திக்கும் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு துணைத் தந்திகள். இரண்டும் ஒரே சுருதியில் மேல் ஸ்தாயியில் ஒலிப்பவை. சீப் ட்ரிக் குழுவின் டாம் பீட்டர்சன் 1970-களின் பிற்பகுதியில் இப்படி ஒன்று வேண்டும் என்று அமெரிக்காவின் ஹேமர் நிறுவனத்தைக் கேட்டபோது, சுமையைக் கழுத்து தாங்காது என்ற அச்சத்தில் அவர்கள் முதலில் பத்துத் தந்திக் கருவி ஒன்றைத்தான் செய்து கொடுத்தார்கள். அது தாங்கியதைப் பார்த்த பிறகே பன்னிரண்டு வந்தது. பிற்பாடு பேர்ல் ஜாம் குழுவின் ஜெஃப் ஏமென்ட்டும் கிங்ஸ் எக்ஸ் குழுவின் டக் பின்னிக்கும் அந்த ஒலியைப் பலருக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த அச்சம் நியாயமானதா என்று நம் எண்களைக் கொண்டே பார்க்கலாம். 175-உடன் 128-ஐ இரண்டு முறை கூட்டினால் 431 பவுண்டு, கிலோவில் 195. (இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்தேன்.) ஸ்கேலை 34-இலிருந்து 30.5-க்குக் குறைத்தால் அதே தந்திகளின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். பன்னிரண்டு தந்திக்காரர்களில் சிலர் குறுகிய கழுத்தை விரும்புவதற்கு வேறு காரணமே தேவையில்லை. 34-ஐத்தான் வைத்துக்கொள்வேன் என்பவர்கள் முதன்மைக்கு 40-இலிருந்து 95 வரை போகும் மெல்லிய செட்டையும், துணைக்கு ஒன்பதிலிருந்து நாற்பத்திரண்டு வரை போகும் கிட்டார் செட்டின் 42, 32, 24, 16-ஐயும் எடுக்கலாம். அந்த நான்கும் 34-இல் தலா 26 முதல் 28 பவுண்டு, மொத்தம் 108.

இதை எழுதும்போதே, எட்டுத் தந்திக்கும் இந்தச் சேர்க்கைதான் நல்லதோ என்று மனம் மாறுகிறது. 46-ஐப் பரிந்துரைத்தபோது ஜி-ஜோடியின் பொருத்தத்தை மட்டும் பார்த்து மயங்கிவிட்டேன்.

4 பிப்ரவரி 2024

ஆம், மனம் மாறிவிட்டேன். 40-95 முதன்மை, 42-32-24-16 துணை. இன்று காலை வாசித்தேன். 13 நகர்ந்ததைப் போல 16 நகரவில்லை. கழுத்தும் 46 செட்டில் முனகியதுபோல் முனகவில்லை.

இதற்கிடையில் ஒலியளவில் ஒரு வேறுபாடு தெரிந்தது. துணைத் தந்திகளில் ஜி மட்டும் சுற்றில்லாத வெறும் எஃகு; மற்ற மூன்றும் சுற்றியவை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பிக்கப்புக்கு வெறும் எஃகுக் கம்பி அதிகமாகக் கேட்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் சுற்றில்லாத ஜி-தந்தி மற்றவற்றை முந்திக்கொண்டு ஒலிப்பது பழைய புகார். அதுவே இங்கே ஜி-ஜோடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. டி-யின் துணைக்கும் வெறும் கம்பி போட்டால் இரண்டு மெல்லிய ஜோடிகள் கணீரென்றும் இரண்டு தடித்த ஜோடிகள் மங்கலாகவும் பிரிந்துவிடும் என்பதால் சுற்றிய 24-ஐ விடமாட்டேன். ஜி-க்கும் சுற்றியது போடலாமே என்றால், அவ்வளவு மெல்லிய சுற்றுத் தந்தியில் சுமை முழுவதையும் தாங்குவது தலைமுடி போன்ற உள்கம்பி ஒன்றுதான். நான் 18 தடிமனில் சுற்றியது ஒன்றைப் பூட்டி ஏற்றியபோது ஜி-யைத் தொடும் முன்பே அறுந்து கன்னத்தில் அறைந்தது.

18 பிப்ரவரி 2024

ஜோடிக்குள் எது மேலே, எது கீழே என்று கேட்டவருக்கு: தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், நட்டின் பள்ளத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். என் கருவியில் மெல்லியது முகத்தின் பக்கம், தடித்தது தரையின் பக்கம். மீட்டும் வில்லையான பிளெக்ட்ரத்தால் மேலிருந்து கீழே அடிக்கும்போது மெல்லியது முதலில் பேசுகிறது. விரலால் வாசிப்பவருக்கு விரல் கீழிருந்து மேலே வருவதால் தடித்தது முதலில் மாட்டுகிறது; மெல்லியதைப் பல நேரங்களில் விரல் தொடாமலே போய்விடுகிறது. "துணைத் தந்தி சத்தமே இல்லை, எந்தத் தடிமன் போட்டால் கேட்கும்?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் விரலால் வாசிப்பவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். தந்தியை மாற்றும் முன் பிளெக்ட்ரத்தை எடுத்து ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

இடம் மாற்றிப் பூட்டலாமா? நட்டை மாற்றாமல் கூடாது. 95-க்கு வெட்டிய பள்ளத்தில் 42 ஆடும். 42-க்கு வெட்டியதில் 95 ஏறி உட்காரும். பழுது பார்க்கும் ஒருவரிடம் நட்டைக் கொடுத்தபோது அவர் எட்டுப் பள்ளங்களையும் ஒரே அரத்தால் அராவித் தந்தார். பிறகு எலும்பு நட் ஒன்றை வாங்கி ஊசி அரத்தால் நானே மூன்று மாலை உட்கார்ந்து வெட்டினேன். பள்ளம் தந்தியைவிட மயிரிழை அகலமாக இருந்தால் போதும்; இறுக்கமாக இருந்தால் ட்யூனரைத் திருப்பும்போது "டிங்" என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவும்.

2 மார்ச் 2024

ஜி-க்கு நீளம் போதாத சிக்கலுக்கு வழி கிடைத்தது. வீணைக்கும் தம்புராவுக்கும் எஃகுக் கம்பியைச் சுருளாக விற்கிறார்கள். வேண்டிய நீளம் வெட்டிக்கொள்ளலாம். நானும் ஒரு சுருள் வாங்கினேன். இங்கே ஒரு பொறி உண்டு. கிட்டார்க்காரர்களுக்கு எண் பெருகினால் தந்தி தடிக்கும். சுருளில் போட்டிருக்கும் கேஜ் எண் பெருகினால் கம்பி மெலியும். பிரிட்டிஷ் கம்பி அளவுப்படி 26 என்பது 0.018 அங்குலம், 27 என்பது 0.0164. எனக்கு வேண்டிய 16-க்கு மிக அருகில் வருவது 27. "பதினாறு கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் வேலிக்குக் கட்டும் கம்பி போல் ஒன்று கிடைத்திருக்கும்.

குண்டு முனையை நாமே கட்டவேண்டும். ஒன்றரைச் சாண் கம்பியை விட்டுக் குண்டின் பள்ளத்தைச் சுற்றி மடக்கி, இரண்டு இழைகளையும் குறட்டால் பிடித்து முதலில் ஏழெட்டு முறுக்குத் தளர்வாகவும், பிறகு ஒரு இழையை நேராக வைத்து மற்றதை அதன்மேல் நெருக்கமாக ஆறு சுற்றும் சுற்றினேன். முதல் முயற்சி ஏற்றும்போதே உருவிக்கொண்டது. இரண்டாவது நின்றது. வெட்டிய நுனி சேடிலைத் தாண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். என் உள்ளங்கையில் இன்னும் அதன் தடம் இருக்கிறது.

அறுந்துவிடுமோ என்ற பயம் இருந்தால்: சுற்றில்லாத கம்பி அறுவதற்கும் தடிமனுக்கும் தொடர்பில்லை. தடித்தால் சுமையும் கூடுகிறது, தாங்கும் வலுவும் அதே அளவு கூடுகிறது. தீர்மானிப்பது நீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கிய தொகை. 34 அங்குலத்தில் 196 ஹெர்ட்ஸ் என்பது 6664. கிட்டாரின் முதல் தந்தி 25.5-இல் 329.6 என்பதால் 8405 வரை போய் அன்றாடம் தாங்குகிறது. நாம் அதில் ஐந்தில் நான்கு பங்கில்தான் நிற்கிறோம்.

3 மார்ச் 2024

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, சி-ஜோடியும் சேர்த்த பத்துத் தந்திப் பேஸ் செய்யச் சொல்லியிருப்பவர், அதன் துணைத் தந்தி தாங்குமா என்று கேட்கிறார். சி-யின் துணைத் தந்தி 261.6 ஹெர்ட்ஸ், 34-இல் பெருக்கினால் 8894. கிட்டாரின் முதல் தந்தியை அரைச் சுரம் ஏற்றி எஃப்-இல் நிரந்தரமாக வைத்திருப்பதற்குச் சமம். முடியும், ஆனால் பையில் உபரித் தந்தி இல்லாமல் மேடையேற வேண்டாம். அல்லது ஸ்கேலை 32 ஆக்கச் சொல்லுங்கள், மரம் வெட்டும் முன்.

9 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவருடைய கருவியில் ட்யூனர்கள் எல்லாம் நட்டுக்கு அருகிலேயே இருப்பதால், ஒன்பது-நாற்பத்திரண்டு கிட்டார் செட்டின் நான்கு தந்திகளும் எட்டிவிட்டனவாம். ஒரு பேஸ் செட், ஒரு கிட்டார் செட், கணக்குத் தீர்ந்தது என்கிறார். முதல் நாள் அவர் சொன்னதும் அதுவேதான்; நடுவில் ஐந்து மாதம் நான் அளந்துகொண்டிருந்தேன்.

என் பக்கத்தில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டில், சுருளிலிருந்து வெட்டிய ஜி-கம்பி பத்து வாரத்தில் பழுப்பேறிவிட்டது. நிக்கல் சுற்றிய மற்ற மூன்றும் இன்னும் பளபளக்கின்றன. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்திருக்க வேண்டும், துடைக்கவில்லை. சுருளில் இன்னும் ஒன்பது நீளம் மிச்சம் இருப்பதால் இன்று மாலை அடுத்ததை வெட்டிப் பூட்டிவிட்டேன். முறுக்கு இப்போது முதல் முயற்சியிலேயே நிற்கிறது.